சோதனை முடிந்த பிறகு யார் தேடி வருவார்?

வட சென்னையின் கொருக்குப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில் என் அத்தைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்தார்கள். பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கி, பழைய புடவையைத் திரையாகக் கட்டி, உள்ளே ஒரு மேசை போட்டிருந்தார்கள். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுக்கும் பாப் ஸ்மியர் சோதனை அது. எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, மற்றத் தகடுகளோடு பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். முடிவு வந்ததும் போன் செய்கிறோம் என்றார்கள். படிவத்தில் அத்தை கொடுத்தது மகனின் எண். அந்த ஆண்டே அவன் சிம் கார்டை மாற்றிவிட்டான். போன் வரவில்லை. வராததை அத்தை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, மாதவிலக்கு நின்று வெகுகாலம் ஆன உடம்பில் மறுபடியும் ரத்தம் கண்டபோதும், தனக்குத்தான் அப்போதே பார்த்துவிட்டார்களே என்று நாலு மாதம் சும்மா இருந்தார். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் நிலை.

பரிசோதனையே செய்துகொள்ளாத பெண்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம்; பேச வேண்டியதுதான். அத்தை செய்துகொண்டவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தவர். அந்தத் தகட்டை யார் பார்த்தார்கள், என்ன எழுதினார்கள் என்பது மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை.

இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிகளை நான் வாசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். எதனால் வருகிறது, எத்தனை ஆண்டுகளில் முற்றுகிறது, எந்தச் சோதனை அதைப் பிடிக்கும், எப்படி வராமல் தடுப்பது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. அப்படியும் 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீடு, இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்ததாகவும் ஏறக்குறைய 80,000 பேர் அதனால் இறந்ததாகவும் சொல்கிறது. விடை தெரிந்த கணக்கில் இத்தனை பேர் எப்படிச் சாகிறார்கள் என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

முகத்துவாரம்

கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியில் இரண்டு வகைத் திசுக்கள் சந்திக்கின்றன. வெளிப்பக்கம் தட்டையான செல்கள் பல அடுக்காகப் படிந்த பரப்பு. உள்பக்கம் சளி சுரக்கும் ஒற்றை அடுக்கு. எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் சந்திக்கும் கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. மழைக்கும் கோடைக்கும் தக்கபடி முன்னும் பின்னும் நகரும். கர்ப்பப்பை வாயிலும் அந்த எல்லைக்கோடு பருவமடைதல், பிள்ளைப்பேறு, மாதவிலக்கு நிற்றல் என்று வயதோடு இடம் மாறுகிறது. மாறும்போது ஒரு வகைச் செல் இன்னொரு வகையாக உருமாறுகிறது. ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், அதாவது ஹெச்.பி.வி., தொற்றுவதற்கு வாகான இடம் இந்த உருமாறும் பகுதிதான்.

இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையிலும் காலிலும் மரு உண்டாக்குபவையும் இந்தக் குடும்பமே. புற்றுநோய்க்குக் கொண்டுபோகக்கூடியவை ஒரு டஜனுக்குச் சற்று மேல். அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு வகைகளே உலகில் இந்தப் புற்றுநோயின் 70 சதவீதத்துக்குக் காரணம். ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களின் சந்தேகம் ஹெர்பிஸ் வைரஸ் மேல் இருந்தது. மரு உண்டாக்கும் வைரஸ் குடும்பத்தில்தான் குற்றவாளி இருக்கிறான் என்று விடாப்பிடியாக நின்றவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ட்சூர் ஹவுசன். அவருடைய குழு 1983-இல் 16-ஆம் வகையையும் 1984-இல் 18-ஆம் வகையையும் புற்றுத் திசுவிலிருந்தே பிரித்துக் காட்டியது. 2008-இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் செல்லுக்குள் புகுந்து தன் மரபணுவைச் செல்லின் மரபணுவோடு கோத்துவிட்டால், ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்கள் ஓயாமல் உற்பத்தியாகின்றன. மரபணு பழுதான செல்லை நிறுத்தியோ அழித்தோ விடும் பி53 என்ற காவலாளியை ஈ6 சிதைக்கிறது. செல் பிரிவதற்குத் தடைபோடும் இன்னொரு புரதத்தை ஈ7 முடக்குகிறது. பழுதான செல் தடையின்றிப் பெருகுகிறது.

இது ஒரே நாளில் நடப்பதில்லை. தொற்று கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பே வைரஸை விரட்டிவிடும். மீதிப்பேரில் சிலருக்குத்தான் அது தங்கி, செல்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. தொற்றிலிருந்து புற்றுநோய்வரை சராசரியாக 15 முதல் 20 ஆண்டுகள். எச்.ஐ.வி. போன்ற காரணத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கலாம். இத்தனை நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் அதிகம் இல்லை. புற்றுக்கு முந்திய நிலையில் பிடித்துவிட்டால், நூறு டிகிரி அளவுக்குச் சூடான சிறு கருவியை அந்த இடத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வைத்து எடுப்பதே பல பெண்களுக்குப் போதுமான சிகிச்சை. படுக்கையில் சேர வேண்டியதில்லை. மயக்க மருந்து தேவைப்படுவதில்லை.

இங்கே ஒரு பழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுத்தமாக இல்லாத பெண்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்ற பேச்சு நம் ஊரில் நெடுங்காலமாக உண்டு. வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் குடத்துத் தண்ணீருக்குத் தெருவில் நின்ற பெண்களைப் பார்த்து இதைச் சொல்வது எவ்வளவு கொடுமை! வைரஸுக்குச் சோப்பும் தெரியாது, குளியலறையும் தெரியாது. ஏழைப் பெண்கள் அதிகமாகச் சாவதற்குக் காரணம், வைரஸ் வந்து 15 ஆண்டுகள் ஆகியும் யாரும் அவர்களைப் பார்க்காததுதான். இன்னொரு பழி இதைவிடக் கூர்மையானது. வைரஸ் தாம்பத்திய உறவில் தொற்றுவது என்று கேள்விப்பட்ட உடனே, யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி வீட்டுக்குள் நுழைந்துவிடும். உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் அனேகமாக எல்லோருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இது தொற்றிப் போகிறது. வருடக்கணக்கில் அடங்கிக் கிடந்து பிறகு சோதனையில் தெரியலாம். யாரால், எப்போது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. முடிவைச் சொல்லும் செவிலியர் இந்த மூன்று வாக்கியங்களையும் சேர்த்தே சொன்னால் பல வீடுகளில் சண்டை மிச்சமாகும்.

திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத்

எந்தச் சோதனை உயிரைக் காக்கும் என்ற கேள்விக்கு உலகமே நம்பியிருக்கும் சான்றுகளில் மூன்று இந்தியாவில் கிடைத்தவை.

முதலாவது நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. பாப் ஸ்மியருக்கு ஆய்வகம் வேண்டும், செல்களைப் பார்த்துப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கிராமத்தில் அது நடக்காது. மாற்றாக அசிட்டிக் அமிலச் சோதனையை எடுத்துக்கொண்டார்கள். சமையலுக்கு வாங்கும் வினிகரில் இருப்பதும் அசிட்டிக் அமிலம்தான். 3 முதல் 5 சதவீத அளவில் நீர்த்த அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி எடுத்து, ஒரு நிமிடம் பொறுத்தால், மாறத் தொடங்கிய இடம் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை இதைச் செய்தார்கள். 2007-இல் முடிவு வெளியானது. சோதிக்கப்பட்ட ஊர்களில் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. இந்த எண்களை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். சந்தேகப்பட்ட இடத்தைக் கருவி வைத்துப் பார்ப்பது, சதைத் துணுக்கு எடுப்பது, குளிரூட்டி உறையவைத்து அழிப்பது ஆகியவற்றையும் அதே செவிலியர்களே, முடிந்தவரை அதே வருகையிலேயே செய்தார்கள். போன் செய்கிறோம் என்று அனுப்பி வைக்கவில்லை.

இரண்டாவது, மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை நடத்தியது. வட சென்னைக்கு மிக நெருக்கமானது என்று எனக்குப் படுவது இதுதான். பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்குச் சில வாரங்கள் பயிற்சி கொடுத்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வினிகர் சோதனை செய்ய வைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் சாவு 31 சதவீதம் குறைந்தது. டாக்டர் இல்லை, லேப் இல்லை. தெருவை அறிந்த பெண்கள் இருந்தார்கள்.

மூன்றாவது, மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்தது. ஊர்களை நான்காகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஹெச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை, ஒன்றுக்குப் பாப் ஸ்மியர், ஒன்றுக்கு வினிகர், நான்காவதுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும் என்று வைத்தார்கள். 2009-இல் வெளியான முடிவில், ஒரே ஒரு முறை செய்த டி.என்.ஏ. சோதனை சாவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருந்தது. சோதனையில்லாத பிரிவில் 64 பேர் இறந்திருந்தார்கள், டி.என்.ஏ. சோதனைப் பிரிவில் 34 பேர். அந்த எட்டு ஆண்டுகளில், வைரஸ் இல்லை என்று முடிவு வந்த பெண்களில் ஒருவர் கூட இந்நோயால் சாகவில்லை. பாப் ஸ்மியரும் வினிகரும் அங்கே குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. திண்டுக்கல்லில் பலித்த வினிகர் உஸ்மானாபாத்தில் ஏன் பலிக்கவில்லை? அந்தச் சோதனை பார்க்கிற கண்ணை நம்பியது. கண்ணுக்குப் பயிற்சியும் வேண்டும், கண்காணிப்பும் வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அந்த உருமாறும் எல்லை உள்ளே போய்விடுவதால், நல்ல கண்ணுக்கும் தெரியாது. டி.என்.ஏ. சோதனையில் வைரஸ் இருக்கிறதா என்பதை இயந்திரம் சொல்கிறது.

அந்த 64 பேரை ஒரு எண்ணாக மட்டும் என்னால் கடக்க முடியவில்லை. ஒப்பிடுவதற்காகச் சோதிக்கப்படாமல் விடப்பட்ட பிரிவைச் சேர்ந்தவர்கள் அவர்கள். சோதனையால் சாவு குறையும் என்று மற்ற நாடுகளில் ஏற்கெனவே தெரிந்திருந்த பிறகு இப்படி ஒரு பிரிவை வைக்கலாமா என்று மருத்துவ அறம் பேசுவோர் கடுமையாகக் கேட்டார்கள். இந்தியாவில் வழக்கமான மருத்துவம் என்றாலே சோதனை இல்லை என்பதுதானே நிலவரம் என்பது ஆய்வாளர்களின் பதில். இரண்டும் உண்மை என்பதே வேதனை. 2021-இல் உலக சுகாதார நிறுவனம், டி.என்.ஏ. சோதனையையே முதன்மைச் சோதனையாக்குங்கள், பொதுவாக 30 வயதில் தொடங்குங்கள், 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும் என்று உலகுக்குச் சொன்னபோது, இந்தப் பெண்களும் அந்தப் பரிந்துரைக்குள் இருந்தார்கள். அதனால் நமக்கு அதில் கூடுதல் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நேரம்

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். இந்திய அளவு 1.9 சதவீதம். நாம் முன்னணியில் இருக்கிறோம் என்று பெருமைப்படலாம். பத்தில் ஒன்பது பேரை விட்டுவிட்டு முன்னணியில் இருக்கிறோம். சென்னையில் இந்தப் புற்றுநோய் குறைந்து வருவதும் மெய்தான். அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980-களின் தொடக்கம் முதல் பராமரித்துவரும் பதிவேட்டில் அப்போது பெண்களின் புற்றுநோய்களில் இதுவே முதலிடம். இப்போது மார்பகப் புற்றுநோய் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் திருமண வயது உயர்ந்ததும் பிள்ளைகள் குறைந்ததும் முக்கியமானவை. அந்த மாற்றம் எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் வந்ததில்லை.

வட சென்னையில் மருத்துவமனை தூரம் என்று யாரும் சொல்ல முடியாது. நாங்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லிப் பழகிய ஸ்டான்லி இருக்கிறது. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. வார்டுகளில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. குறைவது நேரம். காசிமேட்டில் மீன் ஏலம் விடியற்காலை இருட்டிலேயே தொடங்கிவிடும். கூடையோடு ஏலத்தில் நிற்கும் பெண், ஐஸ் வாங்கிப் போட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துத் தன் தெருவில் உட்காரும்போது விடிந்திருக்கும். வியாபாரம் முடியும் நேரமும் புறநோயாளிப் பிரிவில் சீட்டுக் கொடுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு சுகாதார நிலையத்தில் காத்திருந்தபோது, நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வாசலிலேயே தயங்கி நின்றதைப் பார்த்தேன். அலுமினிய அன்னக்கூடையைப் படியோரம் கவிழ்த்து வைத்திருந்தார். விரல் இடுக்கில் செதில் ஒட்டியிருந்தது. செவிலியர் வந்து கூப்பிட்டார். உடம்பெல்லாம் மீன் வாடை அடிக்கிறது, இப்படியே எப்படிப் படுப்பது, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்றார் அவர். வந்தவரை விட்டால் திரும்ப வரமாட்டார் என்று செவிலியருக்குத் தெரியும். "நானும் இதே குப்பத்துப் பெண்தான் அக்கா, எனக்கு என்ன வாடை?" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

அப்படி ஒருவர் எல்லா இடத்திலும் வாய்ப்பதில்லை. டி.என்.ஏ. சோதனையின் பெரிய வசதி இங்கேதான் வருகிறது. அதற்கு மாதிரியைப் பெண் தானே எடுத்துக்கொள்ளலாம். மெல்லிய குச்சியின் முனையில் பஞ்சோ தூரிகையோ இருக்கும். பிறப்புறுப்புக்குள் சிறிது தூரம் செலுத்தி, சில முறை சுழற்றி, குழாயில் போட்டு மூடிக் கொடுத்துவிடலாம். மேசை வேண்டாம், குளிர்ந்த இரும்புக் கருவி வேண்டாம், கால் விரித்துப் படுக்க வேண்டாம். பி.சி.ஆர். முறையில் சோதித்தால், மருத்துவர் எடுத்த மாதிரிக்கும் பெண் தானே எடுத்த மாதிரிக்கும் துல்லியத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆஸ்திரேலியா 2022 ஜூலை முதல் எல்லாப் பெண்களுக்கும் இந்தத் தெரிவைக் கொடுத்துவிட்டது. இந்தியாவின் தேசியத் திட்டத்தின் 2016 வழிகாட்டுதலோ வினிகர் சோதனையை அடிப்படையாகக் கொண்டது.

என்னைக் கேட்டால், காசிமேட்டில் இதற்கு ஒரு காலமும் தானாக அமைந்திருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பெரிய மீன் வரத்து இருக்காது. காசு இல்லாத காலம்தான், ஆனால் பெண்களுக்குக் காலை நேரம் கையில் இருக்கும் காலமும் அதுவே. குழாயைக் கொடுத்து வாங்க அந்த 61 நாள் போதும். பண்டிகைக்கு முந்திய வாரத்தில் முகாம் போட்டுவிட்டு, பெண்கள் ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கை எழுதுவதை நிறுத்தலாம்.

தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது மகள்களுக்கானது, இந்தக் கட்டுரை அம்மாக்களைப் பற்றியது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவேக் 2023-இல் வெளிவந்தது. 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போட 2025-இல் தமிழ்நாடு பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஒரே தவணை போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்குப் பின்னாலும் இந்தியக் கதை ஒன்று உண்டு. இரண்டு தவணையா மூன்று தவணையா என்று பார்க்க இங்கே பல மையங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. அவற்றில் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் ஒன்று. ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சில சிறுமிகள் இறந்ததால், 2010-இல் அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணமில்லை என்றது விசாரணை. பெற்றோரின் ஒப்புதல் வாங்கியதில் நடந்த முறைகேடுகள் மெய். நிறுத்தியதால் பல ஆயிரம் சிறுமிகள் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டுகள் பின்தொடர்ந்ததில், 16, 18 வகைத் தொற்று தங்குவதை ஒற்றை ஊசியே 95 சதவீதம் தடுத்திருப்பது தெரிந்தது. பின்தொடர்ந்து போனதால் கிடைத்த அறிவு இது.

ஊசி போட்ட தலைமுறைக்கு முப்பது வயதாகும்வரை, இன்று முப்பதைக் கடந்துவிட்ட பெண்களுக்குச் சோதனையை விட்டால் வேறு வழி கிடையாது. உஸ்மானாபாத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வைரஸ் இருப்பதாக வந்தது. அதே கணக்கில் ஒரு குப்பத்தில் ஆயிரம் குழாய் வாங்கினால், நூறு பெண்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். புற்றுநோய் வந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை, அடுத்த சோதனைக்கு வர வேண்டும் என்றுதான் பொருள் என்று நூறு முறை நிதானமாகச் சொல்ல வேண்டும். மகனின் போனுக்கோ கணவனின் போனுக்கோ முடிவு போய்விடாமல் பார்க்க வேண்டும். 2030-க்குள் உலகம் எட்ட வேண்டியதாக வகுத்த 90-70-90 இலக்கில், முதல் 90 தடுப்பூசி பெறும் சிறுமிகளின் சதவீதம். 70 என்பது சோதிக்கப்படும் பெண்களின் சதவீதம். கடைசி 90, நோய் கண்டவர்களில் சிகிச்சை பெறுபவர்களின் சதவீதம். பணமும் இயந்திரமும் அந்த 70-க்கு வந்துவிடும். கடைசி 90-க்கு வேண்டியது தெருவில் நடக்கும் கால்கள். அந்தக் கால்களுக்குச் சம்பளமும் நேரமும் எந்தக் கணக்கில் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு திட்டத்திடமும் கேட்பேன்.

அன்று அந்தச் சுகாதார நிலையத்தில், மீன்கார அம்மா உள்ளே இருந்தபோது செவிலியரின் பதிவேடு மேசை மேல் திறந்து கிடந்தது. அச்சடித்த கட்டங்கள்: பெயர், வயது, முகவரி, கைப்பேசி எண். அவற்றுக்கு வலப்பக்கம், ஸ்கேல் வைத்துப் பேனாவால் அவரே இன்னொரு கோடு போட்டிருந்தார். மேலே 'எங்கே பார்க்கலாம்' என்று தலைப்பு. கீழே வரிசையாக எழுதியிருந்தது: 'மார்க்கெட் முனை, பத்து மணிக்குள்.' 'இட்லிக் கடை, சாயங்காலம்.' 'ஞாயிறு மட்டும் வீடு.'